நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட்டு

கணக்கை முதலில் போட்டுவிடுவோம், கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு ராட்டினம். பிள்ளைகள் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடி, வேகம் வந்ததும் தாவி ஏறி, தலை கிறுகிறுக்க இறங்குவார்களே, அந்த மாதிரி ராட்டினம். அதற்கு அடியில் ஆழ்துளைக் கிணறு. பக்கத்தில் கோபுரம் கட்டி அதன்மேல் 2,500 லிட்டர் தொட்டி. பிள்ளைகள் சுற்றச் சுற்றத் தண்ணீர் தொட்டிக்கு ஏறும். ஒழுங்காகச் சுற்றினால் மணிக்கு 1,400 லிட்டர் என்றது செய்து விற்ற நிறுவனம். ஒரு ராட்டினம் 2,500 பேருக்குப் போதும் என்றும் அதுவே சொன்னது. வெள்ளத்திலோ போரிலோ வீடிழந்து முகாமில் கிடப்பவருக்குக்கூட நாளைக்கு 15 லிட்டராவது வேண்டும் என்பது உலகத் தொண்டு நிறுவனங்கள் கூடி வகுத்த அளவு. 2,500ஐ 15ஆல் பெருக்கினால் 37,500. அதை 1,400ஆல் வகுத்தால் 27க்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஊர் தாகம் தீர வேண்டுமென்றால் பிள்ளைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும். சாப்பாட்டுக்கு மணி அடிக்காமல்.

2009இல் லண்டனின் கார்டியன் நாளிதழில் இந்தக் கணக்கு வந்தது. ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும்தான். அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளில் இதைப் போட்டுப் பார்க்க நேரமில்லாமல் போனவர்கள் யார் யார்? 2000இல் இந்த ராட்டினத்துக்குப் பரிசு கொடுத்த உலக வங்கி. 2006 செப்டம்பரில், நியூயார்க்கில் முன்னாள் அதிபர் பில் கிளின்டன் கூட்டிய மாநாட்டில் மேடையேறி 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்த, அன்றைய அதிபரின் மனைவி லாரா புஷ், அவருக்குப் பின்னால் அமெரிக்க அரசு. கூடவே பணம் போட்ட ஸ்டீவ் கேஸின் அறக்கட்டளை. இவர் ஏஓஎல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். நிதி திரட்டிக் கொடுத்த ராப் பாடகர் ஜே-ஸீ. அமெரிக்காவின் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே மேடையில் ஒற்றுமையாக நின்று கைதட்டிய அபூர்வமான நாள் அது. வகுத்தல் தெரிந்த ஓர் ஆளை மட்டும் அழைக்க மறந்துவிட்டார்கள்.

கருவியின் பெயர் ப்ளே பம்ப். பிறந்த நாடு தென்னாப்பிரிக்கா. 1989இல் பிரிட்டோரியாவில் நடந்த விவசாயக் கண்காட்சியில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஒருவர் இதைச் செய்து வைத்திருந்தார். கண்டு மயங்கியவர் ட்ரெவர் ஃபீல்ட். அவருக்குத் தொழில் விளம்பரம். இந்த ஒரு தகவல் போதும், மீதிக் கதை தானாக விளங்கிவிடும். உரிமத்தை வாங்கினார். 1994இல் முதல் ராட்டினங்கள் நடப்பட்டன. தொட்டியின் நான்கு பக்கமும் பலகை. இரண்டில் எய்ட்ஸ் விழிப்புணர்வு போன்ற நல்ல வார்த்தைகள், இரண்டில் கம்பெனி விளம்பரம். விளம்பரக் காசில் பராமரிப்பு நடக்கும். அரசிடம் கையேந்த வேண்டாம், ஊரில் வசூலிக்கவும் வேண்டாம். காதுக்கு எவ்வளவு குளிர்ச்சி! கையில் காசு புழங்காத ஊரில், குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்ணிடம் விற்க எந்தக் கம்பெனி ஓடிவரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பலகைகள் பல ஊர்களில் வெறும் பலகைகளாகவே நின்றன. பராமரிப்பும் அந்த லட்சணத்தில்தான் நடந்தது.

விலை ஒன்றுக்கு 14,000 டாலர். அந்தப் பணத்தில் சாதாரண அடிபம்பு நான்கு வைக்கலாம். 2010க்குள் பத்து ஆப்பிரிக்க நாடுகளில் 4,000 ராட்டினம், ஒரு கோடிப் பேருக்குத் தண்ணீர் என்று அறிவித்தார்கள்.

மலாவியிலும் மொசாம்பிக்கிலும் பல ஊர்களில் புதிதாகக் கிணறு தோண்டும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் ஏற்கெனவே அடித்துக் குடித்துக்கொண்டிருந்த பம்பைக் கழற்றிப்போட்டுவிட்டு அதே குழியில் ராட்டினத்தை இறக்கினார்கள். தண்ணீர் எடுக்கும் பெண்களிடம் கேட்டார்களா? கேட்கவில்லை. பரிசு வாங்கிய பொருளை வேண்டாம் என்று எவளாவது சொல்வாளா என்ற நம்பிக்கையாக இருக்கும்.

சாதாரண ராட்டினத்தை ஒருமுறை தள்ளிவிட்டால் தன் வேகத்தில் சுற்றும். அந்தச் சும்மா சுற்றுகிற நேரத்தில்தான் விளையாட்டே இருக்கிறது. ப்ளே பம்பில் அது கிடையாது. சுற்றுகிற ஒவ்வொரு சுற்றும் நிலத்தடியிலிருந்து நீரை இழுக்கிறது, தள்ளுவதை நிறுத்தினால் ராட்டினமும் நிற்கிறது. புதுசில் பிள்ளைகள் சுற்றினார்கள். கேமரா வந்த நாளெல்லாம் சுற்றினார்கள். பிறகு அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது, உலக வங்கியைவிட விரைவாகவே. வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள்.

யார் சுற்றுவது? அம்மாவும் பாட்டியும்தான். பிள்ளைகள் உயரத்துக்குச் செய்த கம்பியைக் குனிந்து பிடித்து, வயிற்றுப்பிள்ளைக்காரியும் அறுபது வயதுக்காரியும், சாலையில் போகிறவன் எல்லாம் பார்த்துச் சிரிக்க, செக்குமாடு போல வட்டமடித்தார்கள். கனடாவிலிருந்து மலாவிக்குப் போயிருந்த ஒரு பொறியாளர் கையில் கடிகாரத்தோடு நின்று பார்த்தார். 20 லிட்டர் வாளியை அடிபம்பு அரை நிமிடத்தில் நிரப்பியது. ராட்டினத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. ஏமி கோஸ்டெல்லோ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் 2005இல் ராட்டினத்தைப் புகழ்ந்து படம் எடுத்தவர். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பலருக்குப் பணம் கொடுக்கும் ஆசையே வந்தது. அவரே மொசாம்பிக் போய், 2010இல் இன்னொரு படம் வெளியிட்டார். ராட்டினம் பழுதாகி மாதக்கணக்கில் நிற்க, பெண்கள் வேறு ஊருக்குத் தண்ணீருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். பழுதானால் தகவல் சொல்ல ஒரு தொலைபேசி எண் கோபுரத்தில் எழுதியிருந்தது. அதுதான் பராமரிப்பு.

சிவகாசியில் தீப்பெட்டி அடுக்கிய பிள்ளைகளைக் காட்டி “விளையாடுகிறார்கள் சார், பாருங்கள் எப்படிச் சிரிக்கிறார்கள்” என்று ஒரு முதலாளி சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம்? அந்த ஆளின் குரல்வளையைப் பிடித்திருப்போம், பிடித்தும் இருக்கிறோம். அதே வாக்கியத்தை நியூயார்க்கில் கோட்டு போட்டவர் ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னால் அது சமூகப் புத்தாக்கம். ஊருக்குத் தண்ணீர் இறைக்கிற வேலையைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டி, அதற்குக் கூலி கொடுக்காமல் இருப்பது மட்டுமல்ல, அது வேலை என்று சொல்கிற உரிமையையும் பறித்துக்கொள்வது இது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவனாவது தேங்காய் தன்னுடையது என்று மேடை போட்டுப் பேசுவதில்லை.

ராட்டினம் ஒன்றைத்தான் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதன் உற்றார் உறவினர் பெரிய கூட்டம். எல்லாருக்கும் ஒரே குலதெய்வம்: ஏழையின் இலவச உடம்பு. சூரியனும் காற்றும் தீர்ந்தாலும் தீரும், அது தீராது என்பது இவர்கள் கண்டுபிடித்த எரிசக்தி.

கால்பந்து ஒன்று வந்தது. பெயர் சாக்கெட். ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவிகளின் யோசனை. அரை மணி நேரம் உதைத்தால் மூன்று மணி நேரம் ஒரு சின்ன விளக்கு எரியும். 2013 ஜூலையில் தான்சானியாவில் ஒபாமா அதைத் தலையால் முட்டினார், படம் உலகமெல்லாம் போனது. பத்து டாலருக்குக் கடையில் கிடைக்கிற சூரியவிளக்கை யாரும் தலையால் முட்ட முடியாது. அதுதான் அதன் குறை. நூறு டாலரை ஒட்டிய பந்து, மெக்சிகோவின் புவேப்லா பக்கத்துப் பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்டுச் சில மாதங்களிலேயே பழுதாகிக் கிடந்ததாக 2014இல் செய்தி வந்தது. இருட்டில் படிக்கிற பிள்ளைக்கு மின்கம்பம் நட வேண்டியவர், “போய் விளையாடிவிட்டு வா, வெளிச்சம் தருகிறேன்” என்று சொன்ன கதை இது.

படிப்புக்கு வருவோம். 1999இல் டெல்லி கல்காஜியில், குடிசைப்பகுதியை ஒட்டிய சுவரில் ஓட்டை போட்டு ஒரு கணினியைப் பதித்தார் கல்வி ஆராய்ச்சியாளர் சுகத மித்ரா. பிள்ளைகள் தாங்களாகவே இயக்கக் கற்றுக்கொண்டார்கள். உண்மைதான். புதுப்பொருள் கிடைத்தால் எந்தப் பிள்ளையும் நோண்டிப் பார்க்கும். அதிலிருந்து வாத்தியார் இல்லாமலே பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள் என்ற இடத்துக்குத் தாவியதற்கு 2013இல் டெட் மாநாட்டின் பத்து லட்சம் டாலர் பரிசு. உத்தராகண்டின் அல்மோரா பக்கம் இதே சுவர்க் கணினிகளைத் தேடிப்போன ஆராய்ச்சியாளர் ஒருவர், அவை செயலற்றுப் போயிருந்ததை 2010இலேயே எழுதிவிட்டார். பரிசுக்குழு படிக்கவில்லை போலும், ஒருவேளை அவர்களும் தாங்களாகவே கற்றுக்கொள்கிற கட்சி. இந்த நாட்டில் ஒரே ஒரு ஆசிரியரோடு ஓடும் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கு மேல் என்று ஒன்றிய அரசின் கணக்கே சொல்கிறது. அந்தப் பள்ளிக்கு இரண்டாவது வாத்தியாரைப் போட்டால் சம்பளம், பஞ்சப்படி, ஓய்வூதியம். சுவரில் ஓட்டை போட்டால் ஒரு கொத்தனார் கூலி.

100 டாலர் மடிக்கணினியின் கதை இதைவிடச் செலவு பிடித்தது. 2005 நவம்பரில் டூனிஸ் நகரில் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே அதை உலகுக்குக் காட்டினார். மின்சாரம் இல்லாத ஊர்ப் பிள்ளை கையால் சுற்றி இயக்க ஒரு கைப்பிடி வைத்திருந்தது. அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் சுற்றிப் பார்த்தார், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. தெய்வமே நேரில் வந்து சொன்ன மாதிரி ஒரு சகுனம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரு நாடு எட்டரை லட்சத்துக்கும் மேல் வாங்கியது, ஏறத்தாழ 20 கோடி டாலர் செலவு. 319 பள்ளிகளில் ஆராய்ந்து அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்ட முடிவு: கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. அதற்குள் நெக்ரோபோன்டே அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டிருந்தார். ஹெலிகாப்டரிலிருந்து டேப்லட்டுகளைக் கீழே போட்டுவிட்டு, ஓராண்டு கழித்து வந்து பிள்ளைகள் படிக்கிறார்களா என்று பார்க்கலாம் என்றார். வெள்ள நிவாரணப் பொட்டலம் போடுகிறவன்கூட யார் தலையிலும் விழாமல் பார்த்துப் போடுவான்.

சுற்றுச்சூழலில் நடந்ததோ மாயாஜாலம். 2011இல் மேற்குக் கென்யாவில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் நீர்வடிகட்டிகளை இலவசமாகக் கொடுத்தது ஒரு ஐரோப்பிய நிறுவனம். நல்ல காரியம்தானே என்று கேட்பீர்கள். செலவை எடுத்த வழியைப் பாருங்கள். வடிகட்டி இருப்பதால் தண்ணீரைக் காய்ச்ச வேண்டாம், விறகு மிச்சம், புகை மிச்சம், அந்த மிச்சம் கார்பன் வரவு, அதைச் சந்தையில் விற்கலாம். ஆனால் அங்கே பல வீடுகளில் விறகுக்கு வழியில்லாமல் தண்ணீரைக் காய்ச்சுவதே கிடையாது. அதனால் என்ன? வசதி இருந்திருந்தால் காய்ச்சியிருப்பார்கள், காய்ச்சியிருந்தால் புகை வந்திருக்கும், வராத அந்தப் புகையும் கணக்கில் சேர்ந்தது. இல்லாமை என்பது இதுவரை விற்க முடியாத சரக்காக இருந்தது. அதற்கும் விலைச்சீட்டு ஒட்டிவிட்டார்கள். அந்தச் சீட்டை வாங்குகிறவர் தன் புகைபோக்கியை அணைக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டுக்காரனைத் திட்டுவது சுலபம், சந்தோஷமாகவும் இருக்கும். நம் கதைக்கு வருவோம். இந்தியக் கிராமங்களில் ஏறத்தாழ பத்து லட்சம் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். பிரசவத்துக்கு அழைத்துப் போவது, தடுப்பூசிக்குப் பிள்ளைகளைத் திரட்டுவது, கொரோனாவில் உயிரைப் பணயம் வைத்து வீடு வீடாகப் போனது எல்லாம் அவர்கள்தான். 2022 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் அவர்களுக்கு உலகச் சுகாதாரத் தலைவர்கள் விருது வழங்கியது. அரசின் ஏட்டில் அவர்கள் இன்றும் தொழிலாளர்கள் அல்லர், தொண்டர்கள். தொண்டருக்குச் சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகை உண்டு. 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்து 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்குங்கள் என்று கேட்ட பெண்கள், மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. விருதுக்கு ஆன செலவில் பாதியைக் கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. இன்னொரு பக்கம், நம் பொறியியல் கல்லூரிகளில் 36 மணி நேர ஹேக்கத்தான் வைத்து, கிராம சுகாதாரத்துக்குச் செயலி எழுது என்கிறார்கள். பிட்சாவும் தருகிறார்கள். செவிலியர் காலியிடத்தை நிரப்பு என்பது எந்த ஹேக்கத்தானிலும் கேள்வியாக வந்ததில்லை. அதற்கு நிரல் எழுத முடியாது, கையெழுத்துத்தான் போட முடியும்.

தெருமுனை அடிபம்பை எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருப்போம்? அதற்கு இந்தியா மார்க் 2 என்று பெயர், துப்பாக்கிக்கு வைத்த மாதிரி. 1960களிலும் 70களிலும் ஊர் ஊராக வைத்த வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு குடும்பம் அடிப்பதற்குச் செய்தவை. ஊரே அடித்ததும் உடைந்துபோயின. சோலாப்பூர்ப் பக்கத்தில் செய்து பார்த்த ஒரு வலுவான பம்பை எடுத்து, யுனிசெஃப்பும் அரசுப் பொறியாளர்களும் திருத்தினார்கள். கோவை வட்டாரக் கிணறுகளில் வைத்துச் சோதித்தார்கள். சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1970களின் இறுதியில் அதைத் தயாரித்தது. காப்புரிமை கிடையாது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். லட்சக்கணக்கில் நட்டார்கள், ஆப்பிரிக்காவுக்கும் போனது. அதைவிட முக்கியமானது, பம்பு பழுதாகும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டார்கள். ஊரில் பொறுப்பாக ஒருவர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், பெரிய வேலைக்கு மாவட்டத்திலிருந்து வண்டியோடு ஒரு குழு என்று மூன்றடுக்குப் பராமரிப்பு முறை தமிழ்நாட்டில்தான் உருவானது. கையில் ஸ்பானரும் மாதாமாதம் சம்பளமும் உள்ள ஓர் ஆள், அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. இதற்கு நியூயார்க்கில் யாரும் மேடை போடவில்லை. கிரீஸ் பிசுக்கோடு நிற்கும் ஒன்றிய மெக்கானிக்கை வைத்து என்ன புகைப்படம் எடுக்க முடியும்? (அடிபம்பு வந்ததும் எல்லாச் சாதியினரும் ஒரே வரிசையில் நின்றுவிட்டார்கள் என்று கதைவிட மாட்டேன். 2022 டிசம்பரில் வேங்கைவயல் கிராமத்துத் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் மிதந்தது. அதை எந்தப் பம்பும் இறைத்துக் கொட்டாது.)

மலாவியில் கழற்றிப்போட்டது இந்த மாதிரிச் சாதுவான, யாருக்கும் பரிசு வாங்கித் தராத அடிபம்புகளைத்தான். ராட்டினம் கவிழ்ந்த பிறகு, 2010இல் கேஸ் அறக்கட்டளை தங்கள் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்று வெளிப்படையாக எழுதியது. பணம் படைத்தவர் தோல்வியை ஒப்புக்கொள்வது அபூர்வம், பாராட்டத்தான் வேண்டும். உலகமும் பாராட்டியது, வேண்டியதற்கு மேலேயே. தோற்பதற்குத் துணிவு வேண்டும், தோல்வியிலிருந்து கற்க வேண்டும் என்று கருத்தரங்குகளில் இன்றும் அதை உதாரணம் காட்டுகிறார்கள். கற்றுக்கொண்டவர் வாஷிங்டனில் இருக்கிறார். கற்பிக்கப் பயன்பட்டவள் தலையில் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடக்கிறாள். அவளுக்குக் கற்பித்ததற்கான கூலியும் இல்லை.

குறை மட்டும் சொல்கிறாயே, உன்னிடம் ஏதாவது யோசனை உண்டா என்று கேட்பவர்களுக்காக என் விண்ணப்பத்தை இங்கேயே சமர்ப்பிக்கிறேன். டாவோஸ் மாதிரி மாநாட்டு ஊர்களின் பெரிய ஓட்டல்களில் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. விருந்தினர் காலையில் ஓடுபட்டையில் எங்கும் போகாமல் ஓடுகிறார்கள். எவ்வளவு சக்தி வீண்! ஓடுபட்டையை ஓட்டலின் மேல்நிலைத் தொட்டியோடு இணைத்துவிடலாம். ஓடினால்தான் குளிக்கத் தண்ணீர் வரும். இப்போது இருக்கிற குழாய்களைக் கழற்றிவிடுவோம், அதற்கு விருந்தினரைக் கேட்க வேண்டியதில்லை, சந்தோஷப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஓட்டலின் பிளம்பரை வேலையை விட்டு நிறுத்திவிடுவோம், குழாய் வேலையை அவர்கள் தாங்களாகவே கற்றுக்கொள்வார்கள். குளியலறையின் நான்கு சுவரிலும் பலகை, இரண்டில் விளம்பரம், இரண்டில் மூட்டுவலி விழிப்புணர்வு. மோட்டார் ஓடாததால் மிச்சமாகும் மின்சாரத்துக்குக் கார்பன் வரவு உண்டு, அது என் பெயருக்கு. பழுதானால் ஒரு எண் எழுதி வைத்திருப்பேன். அறுபது வயதைத் தாண்டிய நிதியமைச்சர் ஒருவர் சோப்பு நுரையோடு இறங்கி வந்து ஓடும்போது புகைப்படம் எடுக்க ஆள் வைத்திருக்கிறேன், சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். திட்டம் தோற்றால் என்ன கற்றுக்கொண்டேன் என்று மனம் திறந்து ஒரு கட்டுரை வெளியிடுவேன். பழைய குழாய்களைத் திரும்ப மாட்டித் தருவதற்கு நிதி ஒதுக்கவில்லை.